முளைக்காத மீசை

அப்பாவைச் சிதையில் வைத்தாகிவிட்டது. சவரம் செய்கிற கருத்தக்கண்ணன் கிண்ணத்தில் தண்ணீரோடு காத்திருந்தார்.

"அழகு, நீ வந்து உக்காருடா. கொள்ளிய நீயே வச்சுரு" என்று என்னைக் கூப்பிட்டார் மாமா.

அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது மூத்த மகன். எழுமலைப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். மூத்தவன் என் அண்ணன் சூரியபிரகாஷ்; பதினேழு வயது. எனக்குப் பதினைந்து. ஆனால் அவன் என் தோளுக்குத்தான் வருவான். எனக்குக் குரல் உடைந்து மீசையும் அரும்பிவிட்டது. அவனுக்கு இன்னும் கீச்சுக் குரல்தான். தம்பி போட்டுக் கழித்த சட்டையை அண்ணன் போடுகிற கொடுமை எங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்தது. அவனும் வாய் திறக்காமல் போட்டுக்கொள்வான்.

போன வருஷம் அப்பா எங்கள் இருவரையும் மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப்போனார். அண்ணனின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்குப் பதின்மூன்று வயதுதான் ஆகிறதாம். கோளாறு ஒன்றுமில்லை, வளர்ச்சி தாமதம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். "நீங்க எப்ப வளந்தீங்க?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா வெட்கப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

"பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் மொத பெஞ்சுதான் சார். சின்னச்சாமிங்கிற பேர விட்டுட்டு குட்டச்சாமின்னுதான் கூப்புடுவாங்ய."

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணனின் விரலைப் பிடித்துத் தன் மீசையில் வைத்தார். "இது எனக்குப் பத்தொம்பதுல மொளச்சதுடா. ஒனக்கும் வரும். மொதச் சவரம் நான்தான் பண்ணிவிடுவேன், என்ன?"

முந்தாநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"மாமா, அண்ணன் இருக்கான்ல" என்றேன்.

"தண்ணிக்குடத்தோட மூணு சுத்து வரணும்டா. அந்தப் பய தாங்குவானா? கீழ போட்டுட்டான்னா அம்புட்டுச் சனமும் பேசும்."

மாமா கெட்டவர் இல்லை. அவன் அவருக்குக் குழந்தையாகத் தெரிந்தான். எல்லோருக்குமே அப்படித்தான்.

அண்ணன் சட்டையைக் கழற்றினான். அதுவும் என் பழைய சட்டைதான். என் கையில் கொடுத்துவிட்டு கருத்தக்கண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தான். தலையை மழித்து முடித்ததும் அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு, "எந்திரிங்க தம்பி" என்றார்.

அவன் எழவில்லை.

"மீசையவும் எடுங்கண்ணே."

அந்தக் கீச்சுக் குரல் எல்லோருக்கும் கேட்டது. பின்னால் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

கருத்தக்கண்ணன் மாமாவைப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். கருத்தக்கண்ணன் கத்தியில் புது பிளேடு மாட்டினார். தண்ணீரைத் தொட்டு அண்ணனின் மேலுதட்டில் தடவி, தாடையைப் பிடித்து நிமிர்த்தி, ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் மெதுவாக இழுத்தார். அண்ணன் அப்பா கிடந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமாதான் குடத்தைத் தூக்கி அவன் தோளில் வைத்தார். கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தவன் பல்லைக் கடித்து நிமிர்ந்தான். குடத்து ஓட்டையிலிருந்து தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது. சுற்றி வந்து என்னைக் கடக்கும்போது பார்த்தேன். மேலுதட்டில் பிளேடு பட்ட இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் நின்றது. அவன் அதைத் துடைக்கவில்லை.