தாஸோவின் இருமல்

இறால் படகு ஓட்டுகிற ஆல்சீட், பூனைக்காகத்தான் சிகரெட்டை விட்டான். இத்தனை வருடம் கெஞ்சிய தனக்காக விடவில்லையே என்று மனைவி வெர்னாவுக்குக் கொஞ்சம் பொறாமை.

பூனையின் பெயர் தாஸோ. கொழுத்த செம்பழுப்புக் கடுவன். அமெரிக்காவின் லூசியானாவில் அவர்கள் வாழ்ந்த ஓடைக்கரையில் குளிர் விடுகிற சமயம், அது தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டிக் கரகரவென்று இருமத் தொடங்கியது. சில நாள் தின்றதையும் கக்கியது.

"உன் புகைதான்யா. பாவம், அது நெஞ்சுல போய் அடைச்சிருக்கு," என்றாள் வெர்னா.

"நான் எங்க வீட்டுக்குள்ள புடிக்கறேன்? போன கோடையிலயே என்னைப் பின்வாசலுக்குத் தொரத்திட்டியே!"

"அங்கயும் அது உன் மடியிலதானே கெடந்துச்சு?"

ஆல்சீட் அன்றே சிகரெட்டைக் குப்பையில் போட்டான். வாய் நமநமத்தபோதெல்லாம் பெக்கான் கொட்டையை மென்றான். படகில் கூட வேலை செய்தவர்கள் மேல் எரிந்து விழுந்தான். இருமல் மட்டும் நின்றபாடில்லை. கடைசியில் இருவரும் தாஸோவைக் கூடையில் அடைத்துக்கொண்டு மிருக டாக்டர் லெனோராவிடம் போனார்கள்.

ரத்தம் எடுத்து, எக்ஸ்ரே பார்த்து, டாக்டர் சொன்னாள்: "இதயப்புழு. கொசு கடிச்சு வந்திருக்கு."

"அது நாய்க்குத்தானே வரும்?" என்றான் ஆல்சீட்.

"பூனைக்கும் வரும். பூனை உடம்புல முக்கால்வாசிப் புழு வளராமலே செத்துடும். ஆனா சாகறப்போ நுரையீரலைப் புண்ணாக்கிட்டுப் போகும். அதான் இருமுது."

"மருந்து குடுத்து அந்தப் புழுவைக் கொன்னுடுங்களேன்!"

"நாய்க்குக் குடுக்கறதை இதுக்குக் குடுத்தா பூனையே போயிடும். வீக்கம் கொறைய மாத்திரை தரேன். மிச்சம் இருக்கறது தானா சாகுற வரைக்கும் கண்ணுல வெச்சுப் பாத்துக்கணும். இனிமே வராம இருக்க, மாசாமாசம் பிடரியில சொட்டு மருந்து. சாயங்காலம் வெளிய உக்காருமோ?"

ஆல்சீட் மெல்ல மனைவி பக்கம் திரும்பினான். "பின்வாசலுக்கு எங்களை அனுப்பினது யாரு, வெர்னா?"

சிகரெட் இல்லாத ஒரு மாத வேதனையையும் சேர்த்துச் சிரித்தான். அவள் கண் கலங்கியதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"ஏய், அழாத. வீட்டுக்குள்ளயே இருந்தாலும் கொசு வராதா என்ன? சொல்லுங்க டாக்டர்!"

"வீட்டைத் தாண்டாத பூனைக்கும் வந்திருக்கு," என்றாள் டாக்டர். "புகையும் அதுக்கு ஆகாதுதான். விட்டது விட்டதாவே இருக்கட்டும்."

முதல் மாதச் சொட்டு மருந்து பாதி ஆல்சீட்டின் சட்டையில் விழுந்தது. அடுத்த மாதம் அவன் பிடிக்க, அவள் பிடரி மயிரை விலக்கி, தோலில் படும்படி விட்டாள். தாஸோ இருவரையும் ஒரு பொழுது முழுக்க ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வெர்னாவைப் பார்த்தாலே பூனை வளர்க்கிறவர்கள் நழுவினார்கள். இறால் போன்ற சிவப்பு நண்டுமீனை வேகவைத்த விருந்தில் அவள் தம்பி ரெமி கும்பிடாத குறையாகச் சொன்னான்: "அக்கா, சாப்பிடறப்போ புழுக் கதை வேணாமே!"

"உன் ரெண்டு பூனைக்கும் மருந்து விடு. நிறுத்திடறேன்."

மறுவாரமே ரெமி மருந்தை வாங்கி இரண்டுக்கும் விட்டான்.

மாதங்கள் போகப் போக தாஸோவின் இருமல் குறைந்து, ஒருநாள் நின்றே போனது. அடுத்த வசந்தத்தில் எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர், நுரையீரல் தெளிந்துவிட்டது என்றாள். வெர்னா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தாஸோவோ, எடை பார்க்கும் மேடையில் ஏறிப் படுத்து, இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது.