கன்னியாவில் மார்க்கண்டுவின் அந்தியேட்டி

தம்பி மார்க்கண்டுவுக்கு அந்தியேட்டி என்கிற ஈமக்கிரியை செய்வதென்று வீரகத்தி முடிவெடுத்தபோது, தம்பி பெண்சாதி பூமணி ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லை. அதிலேயே அந்த மனிசனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பூமணி எதிர்த்துப் பேசாத விசயம் என்று உடப்பு ஊரில் ஒன்று இருந்ததில்லை. மீன் நிறுக்கிறவன் தராசைக் கொஞ்சம் சரித்தாலே கடற்கரை முழுக்க அவள் குரல் கேட்கும். ஆனால் வீரகத்தி தன் பேச்சில் தானே மயங்குகிற பேர்வழி. ஒருவழியாக அடங்கிவிட்டாள் என்று மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

விசயம் இதுதான். பூமணியின் புருசன் மார்க்கண்டு தொண்ணூறாம் ஆண்டு திருகோணமலைப் பக்கம் வாடி என்கிற மீனவர் கொட்டில் போட்டு மீன் பிடிக்கப் போனவன். காற்று மாறினால் அங்கே போவதும் அடுத்த காற்றுக்குத் திரும்புவதும் உடப்பு ஆட்களுக்குப் பழகிய காரியம். அந்த முறை திரும்புவதற்குள் சண்டை மூண்டு பாதை அடைபட்டுவிட்டது. கூடப் போனவர்கள் கடலாலும் காட்டாலும் ஒவ்வொருத்தராக வந்து சேர்ந்தார்கள். மார்க்கண்டு மட்டும் வரவில்லை. செத்தான் என்று சொல்ல ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை.

இப்போது சமாதானம் பேசுகிறார்கள். பாதையும் திறந்துவிட்டது. மகள் ஞானேஸ்வரிக்குக் கலியாணம் பொருந்தி வந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரேயொரு கேள்வி கேட்டார்கள்: தாரை வார்ப்பது யார்? தகப்பன் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க, தாய் நீர் வார்க்க வேண்டும். காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருசம் பார்த்துவிட்டு, தர்ப்பைப் புல்லில் ஆள் செய்து வைத்துக் காரியத்தை முடிப்பது முறை. வீரகத்தி அந்த முறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காரியம் முடிந்தால் மணவறையில் தானும் தன் மனைவியும் நிற்பார்கள். பூமணி பொட்டை அழித்துவிட்டுப் பின்னால் எங்காவது ஒதுங்கி இருக்கலாம்.

நண்டு விற்று, கருவாடு காயப்போட்டு அந்தப் பிள்ளையை ஆளாக்கியவள் பூமணி. போனவன் மேல் இருந்த ஆசை எப்போதோ வற்றிப்போயிற்று. அவள் இத்தனை வருசமும் பொட்டு வைத்தது மகளின் கையில் நீர் வார்க்கிற அந்த ஒரு நிமிசத்துக்காக. அதையும் பிடுங்கிக்கொண்டு போகிறேன் என்கிறார் அத்தான் வீரகத்தி. பார்க்கலாமே என்று நினைத்துக்கொண்டாள்.

அவளிடம் ஒரு துருப்பு இருந்தது. மதுரங்குளி ஹாசிம் கருவாடு ஏற்றுகிற வேன்காரர். பாதை திறந்ததிலிருந்து திருகோணமலைக்குப் போய் வருகிறவர். போன மாதம் சரக்கு ஏற்ற வந்தபோது அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கன்னியா வெந்நீர்க் கிணத்தடியில வாளி குடுக்கிற ஒரு மனிசனைக் கண்டேன். தாடி வெச்சீக்கிறான். ஆனா அது உங்கட மார்க்கண்டுதான். பேர் செல்லிக் கூப்பிட்டதும் ஓடிட்டான். மௌத்தானவன் ஏன் ஓடணும்?"

பூமணி அன்றிரவு தூங்கவில்லை. விடிந்ததும் ஹாசிம் நானாவிடம் வாயைத் திறக்கக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அத்தானிடம் சொன்னால், தாடி வைத்தவனெல்லாம் என் தம்பியா என்று ஒரே போடாகப் போடுவார். ஊருக்குள் கதை கசிந்தால் அவன் மறுபடி ஓடுவான். ஆகவே அந்தியேட்டி என்றே போவது. செத்தவனை அண்ணனின் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது. பாவம், பெயரைக் கேட்டாவது வீரகத்தி யோசித்திருக்கலாம். யமனையே திருப்பி அனுப்பிய பிள்ளையின் பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் அவ்வளவு லேசில் சாவானா?

முன்னேஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையிலேயே முடித்துவிடலாம் என்றார் வீரகத்தி. பூமணி தலையைக் குனிந்துகொண்டு, இராவணேசுவரன் தன் தாய்க்குக் காரியம் செய்த தலமல்லவா கன்னியா, உங்கள் தம்பிக்கு அதைவிடக் குறைந்த இடத்திலா செய்வீர்கள் என்று கேட்டாள். இராவணேசுவரனோடு ஒரே வரிசையில் நிற்க யாருக்குத்தான் கசக்கும். வீரகத்தி உடனே சரி என்றுவிட்டார்.

கன்னியா என்ற சொல் வெளியே போனதுதான் தாமதம், ஊரில் துக்கம் பொங்கி வழிந்தது. ஏழு கிணறு, ஏழு விதமான சூடு, குளித்தால் மூட்டுவலி பறந்துவிடும் என்று எல்லாரும் கேள்விப்பட்டிருந்தார்கள். பாதை மூடிக் கிடந்த காலத்தில் பிறந்து வளர்ந்ததுகள் அதை ஒரு கதையாகவே நினைத்திருந்தன. மார்க்கண்டுவின் முகமே ஞாபகமில்லாதவர்கள்கூட அவனுக்காக ஒரு முழுக்குப் போட வேண்டும் என்றார்கள். இடுப்புப் பிடித்தவர், தோள் இறங்கியவர், ஒன்றரை வருசமாகக் காலை நீட்டி மடக்க முடியாத பக்கத்து வீட்டுக் கமலாம்பாள் என்று, வலி உள்ள அத்தனை பேரும் உறவுக்காரரானார்கள். விடியுமுன் ஹாசிமின் வேன் வந்து நின்றபோது துவாய், நல்லெண்ணெய்ப் போத்தல், இடியப்பப் பார்சல், பனங்கிழங்கு என்று ஏறியதைப் பார்த்தால் சாவு வீட்டுச் சனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வேனில் கருவாட்டு வாடை மூக்கைத் துளைத்தது. அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

வழி காட்ட வேறு ஆள் தேவைப்படவில்லை. ஹாசிமுக்குப் பாதை தெரியும், மற்றவர்களுக்கு வாயாடத் தெரியும். புத்தளம் தாண்டி, அனுராதபுரம் தாண்டி, ஹொரவப்பொத்தானைப் பக்கம் போகப் போகக் காவலரண்கள் கூடின. ஒவ்வொன்றிலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்துபோய் ஏற வேண்டியிருந்தது. ஓரிடத்தில் ஒரு இளம் ஆமிக்காரன் எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். சாவுக் காரியத்துக்கு என்றார் வீரகத்தி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. அவன் வேனுக்குள் எட்டிப் பார்த்தான். கமலாம்பாள் வாய் நிறையக் கிழங்கோடு அவனைப் பார்த்துத் தலையாட்டினாள். செத்தவர் எங்கே என்று கேட்டான். அவர் முன்னுக்குப் போய்விட்டார் என்று பூமணி அமைதியாகச் சொன்னாள். ஹாசிமுக்கு இருமல் வந்துவிட்டது.

கன்னியாவில் இறங்கியதும் முதலில் எல்லாருக்கும் ஏமாற்றம். தாயின் காரியத்துக்குத் தண்ணீர் வேண்டி இராவணன் வாளால் குத்திய இடம் என்றால் குளம் குளமாகக் கிடக்கும் என்றல்லவா நினைத்து வந்தார்கள். பார்த்தால் முழங்கால் உயரக் கட்டுக் கட்டிய சின்னச் சின்னச் சதுரக் கிணறுகள். எட்டிப் பார்த்தால் அடி தெரிகிறது. இதுக்கா இவ்வளவு தூரம் என்று முணுமுணுத்த வாய்கள் முதல் வாளி தலையில் விழுந்ததும் மூடிக்கொண்டன. பிறகு ஒரே ஓட்டம். இந்தக் கிணறு இதமாக இருக்கிறது, அது சுடுகிறது, இல்லையில்லை மூலையில் இருப்பதுதான் சூடு என்று கிணற்றுக்குக் கிணறு கை விட்டுப் பார்த்துச் சண்டை பிடித்தார்கள். பூமணியும் ஒன்றில் கையை விட்டாள். மண்ணுக்குள்ளிருந்து வருகிற சூடு விரல் வழியாக ஏறியபோது, வந்த வேலையை மறந்து ஒரு கணம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நிமிர்ந்தால், வேலியோரத்து மரத்தடியில் வாளிகளை அடுக்கிக்கொண்டு அவன் நிற்கிறான்.

தாடியும் தொப்பையும் புதிது. வாளியை இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தூக்குகிற விதம் பழையது. அவளைக் கண்டதும் தலைத்துண்டை நெற்றிக்கு இழுத்துவிட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் நழுவினான். பூமணி சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்தில் வழியை மறித்து நின்றாள்.

அவன் அழவில்லை, காலில் விழவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இங்கே தனக்கு ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாக மெதுவாகச் சொன்னான். சண்டைக்குள் அகப்பட்டுக் காயத்தோடு கிடந்தபோது தூக்கி வைத்துப் பார்த்தவளாம். தன்னைச் செத்தவனாகவே விட்டுவிடச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான்.

பூமணிக்கு நெஞ்சு வலித்தது. ஒன்றும் செய்யாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அவள் வந்தது அதற்கல்ல.

"வீட்ட வரத் தேவையில்ல. உசிரோட இருந்தாப் போதும்," என்றாள். "இப்ப வந்து அத்தானுக்கு முன்னால நில்லுங்க. ஆவணியில பிள்ளைக்குக் கலியாணம், அண்டைக்கு ஒருநாள் வந்து தாரை வாத்துட்டுப் போங்க. வேற ஒண்டும் நான் கேக்கல."

அவன் முடியாது என்றான். அண்ணன் கண்டால் கழுத்தில் கயிறு கட்டியாவது இழுத்துப் போய்விடுவார் என்றான். பெற்ற பிள்ளையின் பேரைச் சொல்லி அவள் கெஞ்சினாள். பூமணி கெஞ்சியதைப் பார்த்த முதல் ஆள் அவன்தான். அப்போதும் அவன் தலை இடமும் வலமுமாகவே ஆடியது.

அந்த நேரம் பார்த்துக் காரியம் தொடங்கப்போகிறது, பெண்சாதி எங்கே என்று வீரகத்தியின் குரல் வந்தது. பூமணி கண்ணைத் துடைத்தாள். குறும்பு அவளை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. கிரியைக்குத் தண்ணீர் வேண்டும், வாளிக்காரர்தானே கொண்டுவர வேண்டும் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரத்துச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அத்தனை பேர் பார்க்க, அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவதைத் தவிர வேறு வழியில்லை. தன்னுடைய அந்தியேட்டிக்குத் தானே தண்ணீர் சுமந்த ஆள் உலகத்தில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

வீரகத்தி ஈர வேட்டியோடு குந்தியிருந்தார். அவருக்கு முன்னால் தர்ப்பையில் செய்த ஆள் வாழையிலையில் கிடந்தது. வாளிக்காரனின் முகத்தை யார் பார்க்கிறார்கள். தண்ணீரை அங்கே வை என்று கையைக் காட்டினார். அவன் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பின்னால் ஒதுங்கினான். கிரியை செய்துவைக்க வந்திருந்த குருக்கள் பெயரைக் கேட்டார். மார்க்கண்டு என்றார் வீரகத்தி. போனவரை இந்தத் தர்ப்பைக்கு வரும்படி மனதுக்குள் கூப்பிடுங்கள் என்றார் குருக்கள்.

மனதுக்குள் கூப்பிட்டு வீரகத்திக்குப் பழக்கமில்லை. கரைவலைக்காரன் அவர், கரையில் நின்று கடலைக் கூப்பிட்டே வளர்ந்த குரல்.

"இவனுக்கு நீச்சல் பழக்கினது நான், ஐயா. எவ்வளவு ஆழத்தில சுழியோடினாலும் நான் கூப்பிட்டா மேல வந்திடுவான்." பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்து, தர்ப்பையைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கத்தினார். "மார்க்கண்டு, மேல வாடா."

பின்னால் வாளி விழுந்து உருண்டது.

"வந்துட்டன் அண்ணே," என்றான் மார்க்கண்டு.

குருக்கள் மந்திரத்தை நடுவில் விட்டார். கமலாம்பாள், ஒன்றரை வருசமாகக் கால் மடக்க முடியாதவள், எழுந்து வேன்வரைக்கும் ஓடினாள். கன்னியாவின் மகிமையை அன்றைக்கு எல்லாரும் கண்ணால் கண்டார்கள். தோள் இறங்கியவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து சூடான கிணறொன்றுக்குள் குந்திவிட்டு இரட்டிப்பு வேகத்தில் எழும்பினார். வீரகத்தி மட்டும் அசையவில்லை. தம்பியின் தாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், கன்னத்தில் ஒன்று விட்டார், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தைப் பிள்ளைபோல அழுதார். அவனும் விக்கி விக்கி அழுதான்.

கயிறு கட்டி இழுக்க வேண்டியிருக்கவில்லை. கலியாணத்துக்கு வருகிறேன் அண்ணே, நானே கையைப் பிடித்துக் கொடுக்கிறேன் என்று அவனாகவே சொன்னான். வீரகத்தி பூமணியின் பக்கம் திரும்பி, கேட்டாயா என்பதுபோலப் பார்த்தார்.

பூமணி கேட்டாள். கொஞ்ச நேரத்துக்கு முன் கொட்டிலுக்குப் பின்னால் அவள் கெஞ்சிக் கேட்டதும் இதைத்தான். பெற்ற பிள்ளையின் பேரைச் சொல்லியும் அசையாதவன் அண்ணனின் ஒரு கூப்பாட்டுக்கு வந்துவிட்டான். சந்தோசப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்கு அடக்கமாட்டாத கோபம் வந்தது.

"வேண்டாம்," என்றாள். "வேனில வந்த எல்லாரும் இவரை உசிரோட கண்டாச்சு. எனக்கு அது போதும். கையைப் பிடிச்சு நீங்க குடுங்க அத்தான், நீர் நான் வாக்கிறன்."

தகப்பன் இருக்கும்போது அதெப்படி, மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது என்று வீரகத்தி தடுமாறினார். வெளிநாட்டில் என்று சொல்லுங்கள், தகப்பன் சவூதியில் இருக்கத் தாயும் பெரியப்பனும் நின்று எத்தனை கலியாணம் நடக்கிறது என்றாள் பூமணி.

மகளை ஒருதரமாவது பார்க்க விடமாட்டாயா என்று மார்க்கண்டு கேட்டான். பூமணி அவனை நேராகப் பார்த்தாள்.

"பாதை திறந்து எத்தினை மாசம்? உடப்பு எங்க இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

அவன் குனிந்து, உருண்டு கிடந்த வாளியை எடுத்துக்கொண்டான்.

திரும்பும்போது வேனில் ஒரே கும்மாளம். யார் முதலில் ஓடினார், யார் கிணற்றுக்குள் விழுந்தார் என்று சிரித்துச் சிரித்து மிச்ச இடியப்பத்தையும் முடித்தார்கள். பூமணி யன்னலோரம் இருந்து முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு அழுதாள். ஹாசிம் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தொடர்ந்து ஓட்டினார். அனுராதபுரம் தாண்டிய பிறகுதான் வீரகத்தி கவனித்தார். முன்னால் சாய்ந்து, மெல்லக் கேட்டார்.

"ஏன் பிள்ள அழுறாய்? அவன் உசிரோடதானே இருக்கிறான்."

"அதுக்குத்தான் அத்தான்," என்றாள் பூமணி.