பன்றிக்கு மேல் ஒரு பிறை

அந்தச் சின்னம் தன் குடும்பத்துக்கு மட்டுமே உரியது என்று சர் ஹேமோ நம்பியிருந்தார். நீலக் கேடயத்தில் பொன்னிறக் காட்டுப்பன்றி, அதன் தலைக்கு மேல் சின்னதாக ஒரு பிறை. படை திரண்ட இடத்தில் டிரோகோ என்ற இளம் வீரன் அதே பன்றியை, பிறை மட்டும் இல்லாமல், ஏந்தி நின்றதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வழக்குப் போட்டார். குலச்சின்னங்களை விசாரிக்கும் அரச கட்டியக்காரரையும் டிரோகோவையும் தேவாலயத்துக்கே அழைத்துவந்து, தாத்தாவின் கல்லறையைக் காட்டினார். கல்லில் பன்றி, மேலே பிறை.

"சிலுவைப் போர்ல சுல்தானோட கொடியிலேருந்து எங்க தாத்தா பறிச்ச பிறை," என்றார். "இவனோட பாட்டன் எதைப் பறிச்சான்னு கேளுங்க."

கட்டியக்காரர் குனிந்து பார்த்தார். இருமினார்.

"ஐயா, பிறைன்னா ரெண்டாவது மகன். மூத்தவர் சின்னத்தை அப்படியே போடுவார். இளையவர்தான் பிறை வச்சுக்கணும்."

"அந்த மூத்தவர் எங்க கொள்ளுத்தாத்தா," என்றான் டிரோகோ. "பிரான்சுக்குப் போருக்குப் போனவரைச் செத்துட்டார்னு சொல்லி உங்க தாத்தா குடும்பப் பண்ணை வீட்டுல உக்காந்துட்டார். மூத்தவர் பிரான்சுலேயே கல்யாணம் பண்ணிப் பிள்ளையும் பெத்தார். வழக்குப் போட்டதுக்கு நன்றி, சித்தப்பா. நானா தேடியிருந்தா இந்தக் கல்லறை கிடைச்சிருக்காது."

சித்தப்பா என்ற சொல்லைக் கேட்டதும் ஹேமோ கல்லில் இருந்த பிறையைக் கையால் மூடினார்.

கட்டியக்காரர் இரக்கப்பட்டார். "பிறை, சிற்பி சும்மா செதுக்கினதுன்னு சத்தியம் பண்ணுங்க. நீங்க இளையவர் வழின்னு ஆதாரம் இருக்காது, பண்ணை உங்களுக்கே. ஆனா அப்புறம் இந்தக் கல்லு உங்க சின்னத்துக்கும் சாட்சியாகாது, பன்றி அவருக்குப் போயிடும். பிறை நிஜம்னு ஒத்துக்கிட்டா, பன்றி உங்களுக்கும் உண்டு. பண்ணைதான் மூத்தவர் வழிக்குப் போகும்."

மனைவி ஏவிஸ் முழங்கையால் இடித்தாள். "சிற்பி மேல போடுங்க. செத்தவன் கோவிச்சுக்க மாட்டான்."

ஹேமோ முதுகை நிமிர்த்தினார். சின்னம் இல்லாமல் நிலம் மட்டும் வைத்திருப்பவர்கள் யார்? கம்பளி வியாபாரிகள்.

"பிறை நிஜம்," என்றார்.

தாத்தாவை இளையவராக்கி, சிலுவைப் போர்க் கதையையும் கைவிட்டு, வீட்டையும் இழந்து, குல மானத்தைக் காப்பாற்றிவிட்டார்.

வெளியே வந்ததும் ஏவிஸ் கேட்டாள்: "இனிமே எங்க அண்ணன் வீடுதான் கதி. அங்க சுவரெல்லாம் அவங்க குலச்சின்னம் நாரைதான் நிக்குது. உங்க பன்றியை எங்க மாட்டப் போறீங்க?"

"நாரைக்கு மேலே," என்றார் ஹேமோ.