கண்ணாடி முகம் சீட்டுப் பக்கம்

"கண்ணாடி மேல பாக்குற மாதிரி வைக்காதடா. பின்னாடி டியூப் கழுத்து நொறுங்கிடும்" என்றாள் அவள். தம்பி அதற்குள் அப்பாவின் பழைய டி.வி.யைக் காரின் பின்சீட்டில் மல்லாக்கச் சாய்த்திருந்தான்.

"எனக்குச் சொல்லித் தராத."

"முப்பது வருஷம் டி.வி. மெக்கானிக்கா இருந்தவரு புள்ள. இதுகூடத் தெரியல."

இன்றைக்கு முன் இருவரும் பேசி எட்டு மாதமாகியிருந்தது. மனைவிக்கு இடைஞ்சல் என்று அந்த டி.வி.யை அவன் மாடிப்படிக்கடியில் தள்ளிய அன்றே, அப்பா ஒரு துணிப்பையோடு மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு படுக்கையில் விழுந்தார். நேற்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இன்று காலை அப்பா கேட்டது ஒன்றுதான்: "என் டி.வி. பெட்டி எங்கம்மா?" மகனைக் கேட்கவில்லை. அதைத் தம்பியின் வாசலில் நின்று அவனிடம் சொன்னபோது அவளுக்கு இனித்தது.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சிரைக்கப் பெட்டியை நிமிர்த்தி, கண்ணாடி முகத்தைச் சீட்டு முதுகோடு ஒட்டி வைத்தார்கள். அவள் இண்டு இடுக்கிலெல்லாம் தலையணை திணித்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள். தம்பி பெட்டிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"நீ எதுக்கு?"

"வளைவுல சாஞ்சா யாரு பிடிப்பா? ஓட்டு."

முதல் வேகத்தடையிலேயே ஆரம்பித்தான். "குலுக்காத."

"ஏன், மாடிப்படிக்கடியில குலுங்காமத்தான இருந்துச்சு?"

பாதி வழியில் அவள் கணவனின் போன் வந்தது. அப்பா போய்விட்டார், இப்போதுதான் என்றான். "சரி" என்று வைத்தாள்.

"யாரு?"

"மாமா. எங்க வந்துட்டீங்கன்னு கேட்டாரு."

ஏன் மறைத்தாள் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. பெட்டியைச் சுமந்துகொண்டு அவன் உள்ளே நுழைய வேண்டும். கூடத்தில் எல்லோரும் பார்க்க, கனத்தைக் கீழே வைக்கவும் முடியாமல் நிற்கும்போது அவனுக்குத் தெரிய வேண்டும். அந்த அளவுக்கு அவனை வெறுத்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து, "அக்கா" என்றான்.

அவள் கியரை மாற்றினாள்.

"போன வாரம் ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து இதக் காட்டினேன். படம் வருது. சத்தம் மட்டும் கரகரங்குது. எத மாத்தணும்னு அவருக்குப் புரியல. அப்பாவக் கேட்டா சொல்லிடுவாரு."

"திட்டுவாரு."

"திட்டிக்கிட்டே சொல்வாரு. திட்டட்டும்."

வீட்டுத் தெரு வந்தது. வாசலில் நாலைந்து பேர் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் திருப்பவில்லை. நேராக ஓட்டினாள்.

"வீடு அந்தப் பக்கம்ல?"

"தெரு பூரா பள்ளம்டா. சுத்திப் போலாம்."

"அதான் சரி" என்று அவன் பெட்டியை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டான். "மெதுவாவே போ."