ஆளுக்கு ஒரு மணி

மூக்கம்மாள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் தன்யாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. ஐந்து மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். கொச்சி மட்டாஞ்சேரியில் யூசுப்பின் கம்ப்யூட்டர் கடைக் கடிகாரத்தில் மணி நாலே முக்கால்.

உறுதி செய்ய நாலு இலக்க ஓடிபி ஒன்று வேண்டும். அது வருவதோ தன்யாவின் அப்பா சுப்புராஜின் போனுக்கு. வீட்டுக்குப் பெரியவர் நம்பர்தான் கொடுக்கணும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் மூக்கம்மாள்தான்.

அந்தப் பெரியவர் கொத்து வேலைக்காக நடுக்காட்டில் இருந்தார். நாலு மணிக்கு ஒரு பாறைமேல் ஏறுவார். அங்கேதான் சிக்னல். போனில் ஒரே ஒரு மணி அடிக்கவிட்டு கட் பண்ணுவார். சுகம் என்று அர்த்தம். நம்பர் வந்தால் உடனே சொல்லவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இன்று ஆளையே காணோம்.

மூக்கம்மாளின் பட்டன் போன் ஒரு தடவை அடித்து அடங்கியது.

"ஏறிட்டாரு! அனுப்புங்க தம்பி!"

யூசுப் பட்டனைத் தட்டினான். "பத்து மினிட்டுதான் சேச்சி. வேகம் வேணும்."

போன் அடித்தது. தன்யா பாய்ந்து எடுத்தாள். கரகரவென்று சத்தம், பிறகு ஒன்றுமில்லை. மறுபடி அடித்தது, மறுபடி எடுத்தாள், அதே கரகர.

"மெசேஜ் அனுப்பக்கூடாதா அப்பா!"

"வந்ததைப் படிச்சிருவாரு. ஒண்ணைத் தட்டி அனுப்ப உங்கப்பாவுக்கு அரை நாள் ஆகும்."

மூன்றாவது தடவை அடித்தபோது மூக்கம்மாளுக்குச் சுரீரென்று உறைத்தது. போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எடுக்காத! எண்ணு!"

பதினைந்து வருஷமாக அந்த மனுஷன் வேலைத்தளத்திலிருந்து இப்படித்தான் சொல்லுவார். அவள் வடித்து அனுப்பும் மத்தியானச் சோற்றுக்கு எத்தனை ஆளோ, அத்தனை மணி. போனில் பேசுவது இலவசம் என்றான பிறகும் விடவில்லை. கஞ்சன் என்று தன்யா கேலி செய்யாத நாளில்லை.

போன் ஆறு மணி அடித்து நின்றது. அடுத்து மூன்று. அடுத்தது நீண்டுகொண்டே போனது.

"எட்டா, ஒம்பதா?" தன்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒம்பது. கான்கிரீட் போடுற நாளு கணக்குடி அது. வடிச்சுக் கொட்டினவளுக்குத் தெரியாதா?"

கடைசியாக நாலு. யூசுப் அந்த நாலு எண்ணையும் கம்ப்யூட்டரில் அடித்தான். திரை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பச்சையானது. கடிகாரத்தில் இன்னும் மூன்று நிமிஷம் பாக்கி இருந்தது.

"கிட்டிப்போயி சேச்சி! சீட்டு உறப்பாயி!"

மூக்கம்மாள் கடையென்றும் பாராமல் மகளைக் கட்டிக்கொண்டு சத்தம்போட்டுச் சிரித்தாள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

தன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அப்பா நம்பரை அழுத்தினாள். ஒரே ஒரு மணி போகவிட்டு, கட் பண்ணினாள்.

கொஞ்ச நேரத்தில் காட்டிலிருந்து பதில் வந்தது. யாரும் எடுக்கவில்லை. எண்ணினார்கள். பத்து ஆள் சாப்பாடு தாண்டி, பதினொன்று தாண்டி, ஊருக்கே விருந்து வைப்பதுபோல் அடித்துக்கொண்டே இருந்தார் சுப்புராஜ்.