ஆறு மில்லிமீட்டர்

ராஜ்குமார் துப்பாக்கிப் பையைக் காரின் முன் சீட்டில் சாய்த்து, அதற்கு சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தான். பெல்ட்டைக் கழற்றி, இரண்டு கைகளிலும் ஏந்தி, எங்கள் பட்டறைக்குள் வந்து என் மேஜைமேல் வைத்தான். தேர்தலுக்காக மூன்று மாதம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த துப்பாக்கி அன்று காலைதான் அவன் கைக்குத் திரும்பியிருந்தது. போட்டியில் சுடுகிறவன் என்று ஒரு மனு கொடுத்திருந்தால் விலக்கு கிடைத்திருக்கும். எழுதச் சோம்பல். ஜிப்பைத் திறந்தபோது பேரலின்மேல் பழுப்பாகத் துரு படிந்திருந்தது.

"பாரு குரு, எந்த லட்சணத்துல வச்சிருக்கானுங்கன்னு" என்றான்.

ஓசூரில் பெங்களூர்ப் பழக்கம் ஒட்டிக்கொண்ட எல்லோரும் எல்லோரையும் குரு என்பார்கள். அதில் மரியாதை எதுவும் இல்லை. நான் பேரலை விளக்குக்கு நேராகப் பிடித்தேன். துரு ஒரு பெருவிரல் ரேகையின் வடிவத்தில் இருந்தது, வளையம் வளையமாக. ஒப்படைப்பதற்கு முன் வியர்த்த கையால் பிடித்துவிட்டு எண்ணெய் போடாமல் பையில் திணித்தவனின் ரேகை. அவன் பெருவிரலைப் பார்த்தேன்.

பாயிண்ட் டூ டூ ரைஃபிள். செமி ஆட்டோமேட்டிக். ஒருமுறை சுட்டதும் காலித் தோட்டாக் கூட்டைத் தானே வெளியே தள்ளிவிட்டு அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும். நாம் டிரிக்கரை மட்டும் திரும்ப இழுக்கவேண்டும். அப்படித் தானே வேலை செய்கிற பொருளுக்குள் ஒவ்வொரு குண்டும் கொஞ்சம் கரியை விட்டுவிட்டுப் போகும். துடைக்காவிட்டால் ஒருநாள் நடுவில் சிக்கும். ராஜ்குமாருக்குச் சிக்கும்போதெல்லாம் குண்டு சரியில்லை என்பான். நான் மேகசினைக் கழற்றி, உள்ளே எதுவும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, பாகங்களைப் பிரித்துத் துணியில் வரிசையாக வைத்தேன். மெல்லிய இரும்பு நாரை எண்ணெயில் நனைத்து ரேகையைத் தேய்த்தேன். அது போக ஒரு மணி நேரம் ஆனது. லைசன்ஸ்காரன் பக்கத்தில் இருக்கும்போதுதான் இன்னொருவன் அதைத் தொடலாம். ஆகவே அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வேலை அங்கே உட்கார்ந்திருப்பது மட்டும்.

நான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோ படிக்க ஓசூர் வந்தவன். பகலில் படிப்பு, இரவில் கம்பெனி என்று இரண்டு வருடம் ஓட்டிப் படிப்பை விட்டேன். பிறகு எட்டு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்து, பகலில் கண்ணுக்குமேல் ஈரத்துண்டைப் போட்டுப் படுத்துப் படுத்து, கடைசியில் அதையும் விட்டுவிட்டு இந்த லேத் பட்டறைக்கு வந்தேன். அந்தக் கம்பெனி நின்றது ராஜ்குமாரின் அப்பா சென்னகிருஷ்ணன் ஒருகாலத்தில் ராகி விதைத்த நிலத்தில். அவனும் நானும் டிப்ளமோவில் ஒரே வகுப்பு. அவனும் முடிக்கவில்லை. முடிக்க அவசியம் இல்லை. நான் முடிக்காததற்கும் அவன் முடிக்காததற்கும் ஒரே வார்த்தைதான் இருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை எரிச்சல்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணகிரி போகும் வழியில் பாறைக்குன்றின் அடியில் இருக்கும் அவர்களுடைய துப்பாக்கி சுடும் கிளப்புக்கு என்னை அழைத்துப்போனான். அங்கே பயிற்சி கொடுக்கும் வெங்கடப்பன் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். என்னைக் குப்புறப் படுக்கவைத்து, பாதி மூச்சை விட்டு மீதியை நிறுத்து, அந்த இடைவெளியில் இழு என்றார். ஐந்து குண்டு சுட்டேன். எங்கே பட்டது என்பதுகூட எனக்கு முக்கியமாக இல்லை. அந்த இடைவெளியில் தலைக்குள் எந்த மெஷினும் ஓடவில்லை. அன்று ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவன் காலை ஆறு மணிக்கு எழுந்தேன். பல வருடமாக எனக்கு வராத தூக்கம். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

கிளப்பில் உறுப்பினரானால் அவர்கள் துப்பாக்கியிலேயே சுடலாம். விண்ணப்பத்தை வாங்கிப் பூர்த்தி செய்து, போட்டோ ஒட்டி, மேஜை டிராயரில் வைத்திருந்தேன். பழைய உறுப்பினர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டிய கட்டம் மட்டும் காலி. ராஜ்குமாரிடம் மூன்று தடவை நினைவூட்டினேன். மூன்றாவது தடவை, மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி வருகிறது, அதில் தேறிவிட்டால் அன்றைக்கே போட்டுத் தருகிறேன் என்றான். பேனா என் சட்டைப்பையில்தான் இருந்தது.

அந்தப் போட்டிக்காக அவன் புதிதாக, குறிபார்க்க ஒரு பெரிய ஸ்கோப் வாங்கிப் பொருத்தியிருந்தான். பெரிய ஸ்கோப் உயரமாக உட்காரும். அதற்குள் பார்க்க முகத்தைத் தூக்கினால் கன்னம், தோளில் பதியும் பின்கட்டையை விட்டு அந்தரத்தில் நிற்கும். கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் அழுந்தாவிட்டால் கண் ஒரே இடத்துக்கு வராது. ஆகவே பின்கட்டையின்மேல் திருகி மாட்ட, அவன் முகத்துக்கு அளவாக ஒரு கட்டை வேண்டும். அதை நான் செய்து தருவதாகச் சொன்னேன். ஈட்டி மரத்தில் ஒரு துண்டு என்னிடம் இருந்தது.

அளவு எடுக்க வந்த அன்று துப்பாக்கியைத் தோளில் வைத்து அரை நிமிடம்தான் நின்றிருப்பான். போன் வந்தது. தெலுங்கில் நிலப்பேச்சு. ஷட்டருக்கு வெளியே புங்கமர நிழலில் நின்று பேசிக்கொண்டே, நீ பாரு என்று எனக்குக் கையைக் காட்டினான். நாற்பது நிமிடம் பேசினான். நான் துப்பாக்கியை என் தோளில் வைத்தேன். என் கன்னத்தைச் சாய்த்தேன். கட்டைக்கும் எலும்புக்கும் நடுவில் இருந்த இடைவெளியை என் விரலாலேயே அளந்தேன். ராஜ்குமாருக்குச் சதைப்பிடிப்பான கன்னம். எனக்கு ஷிஃப்ட் தின்ற கன்னம். என் அளவுக்குச் செய்தால் அவனுக்கு ஆறு மில்லிமீட்டர் அதிகமாக இருக்கும். எனக்கு அது தெரியும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினால் பீஸைத் தூக்கி எறிகிற கை என்னுடையது. முதலில் என் அளவுக்குச் செய்துவிட்டுப் பிறகு அவனுக்கு இழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்ததாகத்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நான்கு நாள் வீட்டில் வைத்துத் தேய்த்தேன். வெறும் மரத்துண்டுக்கு லைசன்ஸ் தேவையில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த என் மனைவி வினிதா பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தாள்.

"பிள்ளைக்குத் தொட்டில் சட்டம் செய்யச் சொன்னப்போ இந்தத் தேய்ப்புத் தேய்க்கலையே" என்றாள். பிறகு அதைக் கையில் வாங்கி, தடவிப் பார்த்து, "யாருக்கு இது?" என்றாள்.

"ராஜ்குமாருக்கு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

இழைக்கவில்லை. அப்படியே கொடுத்தேன். மாட்டிப் பார்த்து, பளபளப்பைப் பார்த்து, சூப்பர் குரு என்றான். கழுத்து கொஞ்சம் பிடிக்குது என்றான். பழகிடும் என்றேன்.

போட்டியன்று அவனுக்குத் துணையாக நானும் போனேன். ஐம்பது மீட்டர், பத்து குண்டு, நூறு மதிப்பெண். தொண்ணூறுக்கு மேல் எடுத்தால் அணியில் இடம். பயிற்சியில் தொண்ணூற்று மூன்றுக்குக் குறையாதவன். முதல் குண்டுக்கு முன்னாலேயே முகத்தை மூன்று தடவை தூக்கித் தூக்கி வைத்தான். கன்னத்தைக் கட்டைமேல் அழுத்தி அழுத்திப் பார்த்தான். பின்னாலிருந்து பார்க்கும்போது, உயரமான தலையணையில் படுக்கத் தெரியாத குழந்தை மாதிரி இருந்தது. எனக்கு வயிற்றில் ஏதோ இனித்தது. பொய் சொல்ல விருப்பமில்லை, இனித்தது. எண்பத்தொன்று எடுத்தான். எழுந்து உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்தான். அவன் காது சிவந்திருந்தது. அவனுக்கும் ஒன்று கிடைக்காமல் போகும் என்பதை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

எல்லோரும் கலைந்த பிறகு வெங்கடப்பன் துப்பாக்கியைத் தன் தோளில் வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். கட்டையைச் செய்தது யார் என்று கேட்டார். ராஜ்குமார் என்னைக் காட்டினான்.

"நீ படு தம்பி. அஞ்சு ரவுண்ட் போடு."

நான் மறுத்திருக்கலாம். கழுத்து வலி, கண் வலி, எதையாவது சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் ஒரு குண்டையாவது வெளியே விட்டிருக்கலாம். படுத்தேன். கன்னம் போய் அமர்ந்தது. கண் தேடவேண்டியிருக்கவில்லை. பாதி மூச்சை விட்டேன். ஐந்தும் போனது தெரியவில்லை. வெங்கடப்பன் அட்டையைக் கொண்டுவந்து, ஐந்து ஓட்டைகள்மேலும் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். ஒன்றும் வெளியே தெரியவில்லை. அட்டையைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், பிறகு இரண்டு விரலால் என் கன்னத்து எலும்பைத் தொட்டார்.

"துப்பாக்கி உங்க பேர்ல இருக்குது சார்" என்றார் ராஜ்குமாரிடம். "கன்னம் இந்தத் தம்பி பேர்ல இருக்குது."

திரும்பும் வழியில் துப்பாக்கி முன் சீட்டில் பெல்ட்டுடன் சாய்ந்திருந்தது. நான் பின்சீட்டில். சூளகிரி தாண்டும்போது கண்ணாடியில் ஒருமுறை என் கன்னத்தைப் பார்த்தான். இனி விண்ணப்பத்தின் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விநோதமாக, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இனி அவனை நன்றாக வெறுக்கலாம்.

ஒரு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கார் வந்து ஷட்டருக்கு எதிரில் நின்றது. ராஜ்குமார் இறங்கி உள்ளே வந்து, கட்டையை மேஜைமேல் வைத்தான். திருகுகளை ஒரு சின்னக் கவரில் போட்டு அதன்மேல் வைத்தான். பெங்களூரிலிருந்து திருகை முறுக்கி ஏற்றி இறக்குகிற கட்டை ஒன்று வந்துவிட்டது, எவன் மூஞ்சிக்கு வேண்டுமானாலும் பொருந்தும் என்றான். அணி அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். பிறகு விண்ணப்பம் எங்கே என்று கேட்டான்.

டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவன் படித்துக்கூடப் பார்க்கவில்லை. என் பைக்குள்ளிருந்த பேனாவை அவனே உருவி, குனிந்து, ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திரும்ப என் பையிலேயே செருகினான்.

"கேட்டிருந்தா நானே உன்னப் பக்கத்துல வச்சி தினம் சுட வுட்டிருப்பேன். எதுக்குபா இத்தன வேல?"

அவன் குரலில் கோபம் இல்லை. அவன் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். கேட்டால் கொடுக்கிறவனிடம் எனக்கு இருப்பது என்ன என்று அவனுக்கு எப்படிச் சொல்வது. சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டுவிட்டேன் என்றேன். டிபன் கேரியர் திறக்காமல் பக்கத்தில் இருந்தது. அவன் அதையும் பார்த்துவிட்டுத்தான் போனான்.

விண்ணப்பம் விசிறிக் காற்றில் படபடத்தது. அதன்மேல் ஒரு இரும்புத்துண்டை வைத்தேன். கட்டையை எடுத்து, கோடு விழாமல் இருக்கத் துணி சுற்றி, மேஜையோரத்து இரும்புப் பிடியில் இறுக்கினேன். குனிந்து கன்னத்தை அதன்மேல் சாய்த்தேன். மரம் குளிர்ந்திருந்தது. எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கண் தானாக உயரத்துக்கு வந்தது. ஷட்டருக்கு வெளியே, வெயிலில், ராஜ்குமார் யாருடனோ தெலுங்கில் போன் பேசிக்கொண்டே காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். முன் சீட்டில் அந்த நீளமான பை பெல்ட் மாட்டி அமர்ந்திருந்தது. நான் பாதி மூச்சை விட்டேன். மீதியை நிறுத்தினேன். கார் திரும்பி, புங்கமரத்தைத் தாண்டி, சாலையில் ஏறி மறைந்தது. மூச்சு இன்னும் நின்றபடியே இருந்தது.