பதினாறு ஏக்கர், மேல் செட், கீழ் செட்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: ஞாயிறு மாலை சரியாக நான்கு மணிக்கு, மூன்றாவது மாடி வீடொன்றின் சாப்பாட்டு மேசையில், மனித குலம் இதுவரை கண்டிராத மாபெரும் கேளிக்கைப் பூங்கா தனக்குரிய நிலத்தைச் சந்திக்கவிருக்கிறது. லிஃப்ட் வேலை செய்யாத காரணத்தால், வரலாற்று ஆசிரியர்கள் படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு அழைப்புமணியை அழுத்தவும்.

அறிவிப்பை யாரும் எங்கும் ஒட்டவில்லை. ராட்டினம் தன் மனதுக்குள் வாசித்துக்கொண்டதுதான். ராட்டினம் என்பது பட்டறையில் வைத்த பெயர். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, அதன்மேல் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, யார் யாரோ மென்று தின்ன வழி செய்து கொடுப்பது அவர் தொழில். இருபத்திரண்டு வருடம். அவர் செய்த பல்லில் சிரித்தவர்கள் ஊரில் பாதிப்பேர் இருப்பார்கள். ஒருவரும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை, பட்டறைக்காரர்களைத் தவிர.

இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் ஃபோனில் அந்தப் பேச்சைப் பார்த்துத் தொலைத்தார். தேசம் தேசமாகப் பூங்கா கட்டி, உலகத்தையே வரிசையில் நிற்க வைத்த ஒரு பெரிய முதலாளியின் பேச்சு. முதல் பூங்காவை ஹோட்டல் பில்லின் பின்பக்கத்தில் வரைந்தாராம், நாற்பத்தாறாவது வயதில். ராட்டினத்துக்கும் அப்போது நாற்பத்தாறு. விதி இதற்குமேல் எப்படித்தான் ஜாடை காட்டும்? அன்றிலிருந்து ஒற்றை டீ குடித்தாலும் பில் கேட்டு வாங்க ஆரம்பித்தார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி அந்தப் பேச்சை ஒரே ஒருமுறை, அதுவும் நின்றுகொண்டே கேட்டாள். "எல்லாம் சரி. அவர் வரைஞ்சிட்டு இருந்தப்ப வீட்டுல யாரு சமைச்சாங்கன்னு சொல்றாரா?" என்றாள். சொல்லவில்லை. ராட்டினம் இரண்டு தடவை திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டார்.

மேசைமேல் பூங்கா வளர்ந்தது. ஏரி, ரயில், மூன்று மலை, தீக்குச்சி தடிமனில் விளக்குக்கம்பங்கள். குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டது. மாவும் பிசினும் பட்டறையில் மிஞ்சியவை. மிஞ்சுகிற பிசின் ஒரே நிறத்தில்தான் மிஞ்சும். அந்த நிறத்தை அவர் அந்திவானச் சிவப்பு என்றார். மனைவி எச்சில் விழுங்கிக்கொண்டாள்.

நிலத்தைக் கண்டுபிடித்தவன் மச்சினன். வண்டி, வீடு, வரன் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தரகு பேசுகிறவன். பதினாறு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர், மாமாவின் கைவேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு நேரிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டதாகச் செய்தி கொண்டுவந்தான். ராட்டினத்துக்கு அது போதுமாயிருந்தது. பதினொரு மாதமாகச் சட்டைப்பையில் மடிந்து மடிந்து நைந்துபோயிருந்த ராஜினாமாக் கடிதத்தைச் சனிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, பட்டறை முதலாளியின் மேசையில் வைத்தார். காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு மாவுத் தாடையையும் வைத்தார். முதலாளி திங்கள் ஒன்பது மணிக்கு வருவார். மனைவியிடம் சொல்லவில்லை. நிலம் கிடைத்ததும் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து அவரால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தார். ரயிலை அரை விரல் நகர்த்தினார், பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். "கொஞ்சம் உக்காருங்க. தரை தேயுது" என்றாள் மனைவி. உட்கார்ந்தார். கால் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

நிலத்துக்காரர் நாலேகாலுக்கு, மச்சினன் பின்னால் வர, மூச்சிரைத்துக்கொண்டு உள்ளே வந்தார். எழுபது வயதிருக்கும். மேசையைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். அதற்குள் ராட்டினம் நுழைவுக் கட்டணம் வரை நிர்ணயித்துவிட்டார். கடைசியில் பெரியவர் நடு மலையின்மேல் விரலை வைத்தார்.

"இது கடைவாய்ப் பல்லு மாதிரியே இருக்கே."

ராட்டினம் பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல்முறையாகப் பார்த்தார். நாலு முகடு, நடுவில் பள்ளம், பக்கவாட்டில் ஒரு சின்னக் கோடு. மூன்று மலையும் அப்படியே. கை தனக்குத் தெரிந்ததைத்தான் செய்திருக்கிறது. சுற்றிலும் இளஞ்சிவப்பாக, ஆரோக்கியமான ஈறு.

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். "சிரிச்ச, உனக்குப் பல் செட்டு இலவசம்" என்றாள் அவன் அக்கா, மெதுவாக.

பெரியவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே பிரமித்துப்போயிருந்தார். தம்பி சொன்னது சரிதான், கை அப்படியே பேசுகிறது என்றார். தன் செட் ஆறு மாதமாக ஆடுகிறது, பேசினால் ஒரு பக்கம், மென்றால் ஒரு பக்கம், எந்த டாக்டருக்கும் சரிசெய்யத் தெரியவில்லை என்று முறையிட்டார். சொல்லிக்கொண்டே மேலும் கீழுமாக இரண்டையும் வாயிலிருந்து கழற்றி, கைக்குட்டையில் துடைத்து, வைக்க வேறு இடமில்லாமல் ஏரிக்கரையில் வைத்தார்.

மனைவிதான் புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"பல்லு புதன்கிழமைக்குள்ள சரியாயிடும் ஐயா. நிலம்?"

"நிலமா?" பெரியவரின் வெற்று வாய் ஆச்சரியத்தில் குழிந்தது. "அதைப் போன மாசமே குடோன் கட்டக் குடுத்தாச்சேம்மா. தம்பி சொல்லலையா?"

தம்பி லிஃப்ட் சரியாகிவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தான்.

ராட்டினத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்துகொண்டுதான் இருந்தது, பாதி வழியில் கண் ஏரிக்கரைக்குப் போய்விட்டது. மேல் செட் கீழ் செட்டின்மேல் லேசாகச் சாய்ந்து, வாய் பிளந்து நின்றது. சாயங்கால வெயில் அதற்குள் புகுந்து ரயில்பாதையில் விழுந்திருந்தது. இரண்டு வருடமாகப் பிடிபடாமலிருந்தது அது ஒன்றுதான், நுழைவாயில். "கொஞ்சம் அப்படியே இருக்கட்டும் ஐயா" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையில் டீ பில்லைத் தேடினார்.

"என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி. அவள் கேட்டது மேசையைப் பற்றியல்ல. அவள் பார்வை சட்டைப்பையில் இருந்தது. கடிதத்தின் வீக்கம் அங்கே இல்லை. வாராவாரம் அந்தச் சட்டையைத் துவைப்பவள். பதினொரு மாதமும் அதை எடுத்து வைத்துவிட்டு, துவைத்ததும் திரும்ப வைத்திருக்கிறாள்.

"நாளைக்குச் சீக்கிரம் போறேன்" என்றார் ராட்டினம்.

திங்கள் காலை எட்டரைக்கே போனார். முதலாளி எட்டுக்கே வந்துவிட்டிருந்தார். கடிதம் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் தாடை, தாடைமேல் மூக்குக் கண்ணாடி. முதலாளி ஃபோனில் யாரிடமோ தலையாட்டிக்கொண்டே அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். படித்தாரா இல்லையா என்பது அவர் முகத்தில் தெரியவில்லை. பேசி முடித்துத் தாளை ராட்டினத்திடம் நீட்டினார். மேல் செட் இரண்டு, அவசரம்.

ராட்டினம் பேனாவை வாங்கி, கீழே மூன்றாவதாகப் பெரியவரின் செட்டையும் ஒரு வரியில் சேர்த்தார். மிச்சமிருந்த மூலையில் ஒரு வளைவு போட்டு, உள்ளே ஒரு ரயில்பாதையும் போட்டார்.

செட் மூன்றும் புதன்கிழமை தயாராகிவிட்டன.